பிள்ளைகளின் இயற்கைப் பற்றை அளப்பது எப்படி?

பள்ளியில் பயிலும் பிள்ளைக்குக் கணக்கு எவ்வளவு வரும் என்பதை அறிவது எளிது. பத்துக் கணக்குகளைக் கொடுத்துப் போடச் சொன்னால் போதும். பிழையின்றி எழுதத் தெரியுமா என்பதையும் அவ்வாறே அறிந்துவிடலாம். ஆனால் அதே பிள்ளைக்கு மரத்தினிடத்தும் ஆற்றினிடத்தும் பறவையினிடத்தும் பற்று உண்டா, அவற்றைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் அதன் உள்ளத்தில் வேரூன்றியிருக்கிறதா என்பதை எவ்வாறு அறிவது? இது வீண் ஆராய்ச்சி போலத் தோன்றலாம். எனினும் நம் நாட்டுப் பள்ளிகள் அனைத்தும் விடை காண வேண்டிய கேள்வியாக இன்று இஃது ஆகிவிட்டது. அவ்வாறு ஆனது எப்படி என்பதையும், கேரளத் தலைநகரான திருவனந்தபுரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதற்கு விடை காணும் வழியையும் இங்கே ஆராய்வோம். பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு இதில் தனி அக்கறை உண்டு. அதன் காரணமும் போகப் போக விளங்கும்.

1976-ஆம் ஆண்டில் நம் அரசியலமைப்புச் சட்டம் நாற்பத்திரண்டாம் முறையாகத் திருத்தப்பட்டபோது, குடிமக்களின் அடிப்படைக் கடமைகள் என ஒரு பகுதி அதில் சேர்க்கப்பட்டது. காடு, ஏரி, ஆறு, வனவிலங்கு ஆகியவற்றைக் காத்து மேம்படுத்துவதும், உயிர்களிடத்து இரக்கம் கொள்வதும் அக்கடமைகளுள் ஒன்று. அடுத்த ஆண்டாகிய 1977-இல், அக்டோபர் மாதத்தில், அப்போது சோவியத் நாட்டின் பகுதியாயிருந்த ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் யுனெஸ்கோ ஓர் உலக மாநாட்டைக் கூட்டியது. சுற்றுச்சூழல் கல்வியின் நோக்கங்கள் யாவை என்று அம்மாநாடு வகுத்துக் கூறியது. விழிப்புணர்ச்சி, அறிவு, மனப்பான்மை, செயல்திறன், பங்கேற்பு என்ற ஐந்தும் அந்நோக்கங்கள். அறிவை மட்டும் புகட்டினால் போதாது, மனப்பான்மையும் மலர வேண்டும் என்பது உலக நாடுகள் கூடி ஒப்புக்கொண்ட கருத்தாயிற்று.

பின்னர் 1991-இல் நம் உச்ச நீதிமன்றம், எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழலைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கட்டாயப் பாடமாகக் கற்பிக்க வேண்டும் என்று பணித்தது. 2003-ஆம் ஆண்டு டிசம்பரில், ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் உரிய மாதிரிப் பாடத்திட்டத்தை வகுக்குமாறு தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுவுக்கு அந்நீதிமன்றம் ஆணையிட்டது. நோக்கம் மிக உயர்ந்ததே. ஆனால் ஒன்று கட்டாயப் பாடமாக ஆகும்போது அதற்குத் தேர்வும் வந்து சேர்கிறது. தேர்வு வந்தால் மதிப்பெண் வருகிறது. 'மரம் வளர்ப்பதால் விளையும் நன்மைகள் ஐந்தினை எழுதுக' என்ற வினாவுக்கு ஐந்து நன்மைகளையும் மனப்பாடம் செய்து எழுதும் பிள்ளை முழு மதிப்பெண் பெறுகிறது. அவ்வினா பிள்ளையின் நினைவாற்றலை அளந்தது. அதன் உள்ளம் மரத்தை நாடுகிறதா என்பதைப் பற்றி ஒன்றும் கூறவில்லை.

அறிவு, மனப்பான்மை, செயல் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. ஆயினும் அவை ஒன்றல்ல. முதலாவது இருந்தால் மற்றவை தாமே வந்துவிடும் என்று நாம் எளிதாக நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கை எவ்வளவு பிழையானது என்பதைத் திருவனந்தபுரமே காட்டுகிறது. 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி கேரளத்தில் நூற்றுக்கு 94 பேர் எழுதப் படிக்க அறிந்தவர்கள். அம்மாநிலத்தின் தலைநகரில், தமிழ்நாட்டிலிருந்து இரயிலில் வருவோர் இறங்கும் தம்பானூர் நிலையத்தின் தண்டவாளங்களுக்கு அடியில், ஆமயிழஞ்சான் தோடு என்ற நீரோடை செல்கிறது. மலையாளத்தில் தோடு என்றால் சிற்றோடை. நகரத்தார் எறியும் பிளாஸ்டிக்கும் கழிவும் அடைத்துக்கொண்டு நின்ற அவ்வோடையைத் துப்புரவு செய்ய, 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அதில் இறங்கிய தொழிலாளி ஒருவர் நீரில் அடித்துச் செல்லப்பட்டு உயிர் துறந்தார். அக்குப்பையை எறிந்தவர்களுள் பெரும்பாலோர் பள்ளியில் படித்தவர்களாகவே இருந்திருப்பர். சுகாதாரத்தின் நன்மைகளைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவர்களும் அவர்களிடையே இருந்திருக்கக்கூடும்.

அதே நகரத்தின் குப்பை, 2000-ஆம் ஆண்டு தொடங்கி அண்டையிலுள்ள விளப்பில்சாலை என்ற ஊருக்கு அனுப்பப்பட்டு வந்தது. அவ்வூர் மக்கள் நாற்றத்தையும் நீர்க்கேட்டையும் பொறுக்கமாட்டாமல் போராடினர். 2011-ஆம் ஆண்டின் இறுதியில் அந்நிலையம் மூடப்பட்டது. அதன் பின்னரே, குப்பையை அவரவர் வீட்டிலும் தெருவிலும் உரமாக்கும் முறைகளை நகரம் நாடத் தொடங்கியது. கண்ணுக்கு மறைவான இடத்தில் கொட்டினால் தூய்மை வந்துவிட்டது என்று எண்ணுவதும் ஒரு மனப்பான்மையே. ஆகவே பிள்ளைகளின் மனப்பான்மையை அறிய முயல்வது வெறும் ஏட்டு ஆராய்ச்சியாகாது. நாளை ஓடைகள் எப்படி ஓடும் என்பது அதைப் பொறுத்தது.

இனி, மனப்பான்மையை அளக்க அறிஞர்கள் கண்ட வழிகளைப் பார்ப்போம். 1928-இல் அமெரிக்க உளநூல் அறிஞர் தர்ஸ்டன், மனிதனின் அபிப்பிராயங்களையும் அளவிட இயலும் என்று கூறி அதற்கொரு முறை வகுத்தார். 1932-இல் லிக்கர்ட் என்ற மற்றோர் அமெரிக்க அறிஞர் அதனினும் எளிய முறை ஒன்றை அமைத்தார். இன்றும் பெரும்பாலோர் கையாள்வது அதுவே. சில கூற்றுகளை எழுதி, ஒவ்வொன்றையும் பற்றி 'முற்றும் உடன்படுகிறேன்' என்பது முதல் 'சற்றும் உடன்படவில்லை' என்பது வரையிலுள்ள ஐந்து விடைகளுள் ஒன்றைக் குறிக்கச் சொல்வது அம்முறை. 'சாலையை அகலமாக்க மரங்களை வெட்டுவதில் தவறில்லை' என்பது ஒரு கூற்று என்று வைத்துக்கொள்வோம். இதைச் சற்றும் ஏற்காத பிள்ளைக்கு ஐந்து புள்ளி, முற்றும் ஏற்கும் பிள்ளைக்கு ஒரு புள்ளி. எல்லாக் கூற்றுகளும் ஒரே போக்கில் இருந்தால் பிள்ளை படித்துப் பாராமலே ஒரே கட்டத்தை நிரப்பிவிடும். ஆதலால் சில கூற்றுகளை இயற்கைக்குச் சார்பாகவும் சிலவற்றை எதிராகவும் கலந்து எழுதுவார்கள். முடிவில் புள்ளிகளைக் கூட்டிப் பார்ப்பார்கள்.

இம்முறையைப் பின்பற்றி, மனிதனுக்கும் இயற்கைக்கும் உள்ள உறவைப் பற்றிய அளவுகோல் ஒன்றை டன்லப், வான் லியர் என்ற இரு சமூகவியல் அறிஞர்கள் 1978-இல் வெளியிட்டனர். அதைப் பத்து வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஏற்பப் பத்துக் கூற்றுகளாகச் சுருக்கி எளிமையாக்கிய வடிவம் 2007-இல் வெளிவந்தது. ஐரோப்பாவில் போக்னர், வைஸ்மன் என்ற இருவர் பள்ளிப் பிள்ளைகளின் மனப்பான்மையை இரண்டு கூறுகளாகப் பிரித்தனர். இயற்கையை உள்ளவாறே பேண வேண்டும் என்ற எண்ணம் ஒன்று. அதை மனிதன் தன் தேவைக்குப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் மற்றொன்று. நம் நாட்டிலும் கல்வியியல் பட்டத்திற்கு ஆய்வு செய்வோர் பலர் இவ்வகை வினாத்தாள்களைப் பள்ளிகளில் கொடுத்துப் புள்ளிகளைக் கணக்கிட்டு வருகின்றனர்.

இவ்வினாத்தாள்கள் பயனற்றவை அல்ல. ஒரு வகுப்பின் பொதுவான போக்கை அவை ஓரளவு காட்டும். ஆனால் அவற்றை அப்படியே நம்பிவிடுவதில் மூன்று இடர்கள் உண்டு.

முதல் இடர், பிள்ளையின் கூர்மையான அறிவிலிருந்தே பிறக்கிறது. எந்த விடை ஆசிரியருக்கு உவப்பானது என்பது நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். 'விலங்குகளைத் துன்புறுத்தலாம்' என்ற கூற்றை ஏற்பதாக எந்தப் பிள்ளை எழுதும்? சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள இடைவெளியை லாபியர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் வேறொரு துறையில் அழகாக விளக்கியிருக்கிறார். சீனர்மீது அமெரிக்காவில் வெறுப்பு மிகுந்திருந்த காலம் அது. அவர் ஒரு சீனத் தம்பதியரை உடன் அழைத்துக்கொண்டு நாடெங்கும் சுற்றினார். இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட விடுதிகளிலும் உணவுச்சாலைகளிலும் நுழைந்தார். ஒரே ஓரிடத்தில் மட்டுமே இடமில்லை என்றார்கள். பின்னர் அதே விடுதிக்காரர்களுக்கு, 'சீனரை ஏற்பீர்களா?' என்று கடிதம் எழுதிக் கேட்டார். விடை எழுதியவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல், 'ஏற்கமாட்டோம்' என்றனர். 1934-இல் வெளியான இவ்வாராய்ச்சியில் தாளிலே பகைமையும் நேரிலே இணக்கமும் காணப்பட்டன. இயற்கையைப் பொறுத்த மட்டில் நம்மிடம் காணப்படுவது இதன் மறுபுறம்: தாளிலே அன்பு, தெருவிலே புறக்கணிப்பு.

இங்கே இன்னொரு தீமையும் உண்டு. உவப்பான விடைக்கு மதிப்பெண்ணும் பரிசும் கொடுத்துக்கொண்டே போனால், மனத்தில் இல்லாததைத் தாளில் எழுதுவதற்குப் பிள்ளையைப் பழக்கியவர்கள் ஆகிறோம். இயற்கையிடத்து அன்பு வளர்க்கப் போய்ப் பொய்யை வளர்த்த கதையாக அது முடிந்துவிடும்.

இரண்டாவது இடர் மொழியைப் பற்றியது. குடியேறிய தமிழர்கள் கருத்தில் கொள்ள வேண்டியது இதுவே. திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றன. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசும் பிள்ளைகள் அங்கே பலர். மலையாளத்தில் 'பாடம்' என்று நம் காதில் விழும் சொல் நெல்வயலைக் குறிக்கும். கல்விப் பாடத்தைக் குறிக்கும் சொல்லுக்கு அவர்கள் எழுத்தில் வேற்றுமை காட்டுகிறார்கள் என்றாலும், தமிழ்ப் பிள்ளையின் செவிக்கு இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கும். வயல்களை மண்ணிட்டு நிரப்பி வீடு கட்டுவது கேரளத்தின் பெரிய சிக்கல்களுள் ஒன்று. அதைத் தடுக்கவே நெல்வயலையும் நீர்நிலத்தையும் பாதுகாக்கும் சட்டம் 2008-இல் அங்கே இயற்றப்பட்டது. 'பாடம் நிரத்துவது சரியா?' என்று வாய்மொழியாகக் கேட்கும் ஆராய்ச்சியாளருக்குத் தமிழ்ப் பிள்ளை திகைத்து நின்றால், அதற்கு இயற்கையில் நாட்டமில்லை என்று முடிவு கட்டலாமா? முன்னே கூறிய 'தோடு' நமக்குக் காதணி, அவர்களுக்கு ஓடை. மீன்கொத்திப் பறவையை அவர்கள் 'பொன்மான்' என்பார்கள். நம் பிள்ளைக்கோ பொன்மான் என்றால் சீதையை மயக்கிய மாரீசன் நினைவு வரும்.

இவ்விடர் கேரளத்துக்கு மட்டும் உரியதன்று. மும்பையில் மராத்தியிலும், பெங்களூரில் கன்னடத்திலும், தில்லியில் இந்தியிலும் வினாத்தாளைப் படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் இதே தடை உண்டு. ஆங்கிலத்தில் எழுதிய அளவுகோலை அப்படியே பெயர்த்து எழுதினால் தடை இரட்டிப்பாகும். 'வெட்டக் கூடாது என்று கூறுவதை நான் ஏற்கவில்லை' என்பது போன்ற இரட்டை எதிர்மறைக் கூற்றுகள் பெரியவர்களையே குழப்பும். ஆகவே, முதலில் சில பிள்ளைகளிடம் வினாக்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, 'இதனால் உனக்கு என்ன விளங்குகிறது?' என்று கேட்டுத் திருத்திக்கொள்வது இன்றியமையாதது.

மூன்றாவது இடர், யாருடைய இயற்கையை அளவாகக் கொள்கிறோம் என்பதில் அடங்கியிருக்கிறது. திருவனந்தபுரத்தை ஒட்டி வலியதுறை, விழிஞ்சம் முதலிய கடற்கரை ஊர்கள் உள்ளன. அங்குள்ள மீனவர் வீட்டுப் பிள்ளைக்குக் கடல் என்பது உணவு, தொழில், அச்சம் யாவும் ஆகும். கடலரிப்பில் வீடிழந்த குடும்பங்கள் வலியதுறையில் பல. அப்பிள்ளை, 'கடல் மனிதன் பிழைப்பதற்காகவே இருக்கிறது' என்ற கூற்றை ஏற்கும். அளவுகோல் அதற்குக் குறைந்த புள்ளி போடும். நகரத்து மாடி வீட்டில் வாழ்ந்து, கடலை விடுமுறை நாளில் மட்டும் பார்த்துவிட்டு வரும் பிள்ளைக்கு மிகுந்த புள்ளி கிடைக்கும். ஆனால் காற்றின் திசையையும் நீரின் நிறத்தையும் மீன் வரும் பருவத்தையும் அறிந்தவன் யார்?

நகரத்தின் கிழக்கே அகத்தியர் மலை நிற்கிறது. 1,868 மீட்டர் உயரமுள்ள அச்சிகரத்தையும் அதைச் சூழ்ந்த பகுதியையுமே தமிழர் பொதிகை என்று போற்றுகிறோம். அம்மலைத் தொடரிலிருந்து கிழக்கே தாமிரபரணி இறங்கித் திருநெல்வேலியை வாழ்விக்கிறது. மேற்கே நெய்யாறும் கரமனையாறும் இறங்குகின்றன. அம்மலையும் அதைச் சூழ்ந்த காடுகளும் தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநிலங்களிலும் பரவிய உயிர்க்கோளக் காப்பகமாக விளங்குகின்றன. 2016-இல் யுனெஸ்கோ அதை உலகப் பட்டியலில் சேர்த்தது. அம்மலையில் வாழும் காணிக்காரர்கள் காட்டைப் பயன்படுத்தியே வாழ்பவர்கள். 1987-இல் அங்கே ஆய்வுக்குச் சென்ற விஞ்ஞானிகள், வழிகாட்டிகளாக வந்த காணிகள் ஒரு செடியின் காயைத் தின்று களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். 'ஆரோக்கியப்பச்சை' என்ற அச்செடியிலிருந்து பாலோடு என்ற ஊரிலுள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிலையம் 'ஜீவனி' என்ற மருந்தைக் கண்டது. அதனால் வரும் ஆதாயத்தில் பாதியைக் காணிகளுக்குக் கொடுக்க இசைந்தது. பழங்குடியினரின் அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்மாதிரியாக உலகம் இதைப் பேசுகிறது. ஆகவே பயன் கொள்வதும் காப்பதும் எப்போதும் எதிரெதிரானவை அல்ல. யானை வந்து வாழையை அழித்த வீட்டுப் பிள்ளை யானையை அஞ்சுவதைக் கொண்டு அதற்கு இயற்கைப் பற்றில்லை என்று தீர்ப்பளிப்பது நேர்மையாகாது.

அவ்வாறாயின் வேறு எவ்வழியில் அறிவது? கேட்பதைக் குறைத்து, காண்பதை மிகுதியாக்க வேண்டும். அதற்கு நான்கு வழிகளைக் கூறலாம்.

முதலாவது, பெயர் அறிதல். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இருவகைப் படச்சீட்டுகளைக் காட்டினர். ஒருவகையில் அந்நாட்டுச் செடிகளும் உயிரினங்களும். மற்றதில் 'போக்கிமான்' என்ற கற்பனை விளையாட்டு உருவங்கள். எட்டு வயதுப் பிள்ளைகள் கற்பனை உருவங்களுள் நான்கில் மூன்று பங்குக்கு மேல் பெயர் சொன்னார்கள். உண்மையான உயிர்களுள் ஏறக்குறையப் பாதியையே அறிந்திருந்தார்கள். 2002-இல் வெளியான இம்முடிவிலிருந்து, பிள்ளையின் நினைவாற்றலில் குறையில்லை என்பதும், அது எதில் பழகுகிறதோ அதன் பெயரே அதன் வாயில் வருகிறது என்பதும் விளங்குகின்றன. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது மலர்களைப் பெயர் சொல்லி அடுக்கினார். நம் பிள்ளைகளிடம் அத்தனை எதிர்பார்க்க வேண்டாம். பள்ளிக்குப் போகும் வழியிலுள்ள பத்து மரங்களின் இலைகளைக் கொண்டுவந்து வைத்துக் கேட்டுப் பார்க்கலாம். எம்மொழியில் பெயர் சொன்னாலும் சரியே. சரக்கொன்றை என்றாலும் கணிக்கொன்னை என்றாலும் மரம் ஒன்றுதான்.

இரண்டாவது, படம் வரைதல். 'வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரை' என்று மட்டும் சொல்ல வேண்டும். இயற்கை என்ற சொல்லையே எடுக்கக் கூடாது. படத்தில் கடையும் வண்டியும் விளம்பரப் பலகையும் மட்டும் இடம்பெறுகின்றனவா, மரமும் ஓடையும் அணிலும் காகமும் இடம்பெறுகின்றனவா என்று பார்க்க வேண்டும். எதை வரையச் சொல்கிறோம் என்பதைப் பிள்ளை ஊகிக்க இயலாததால், ஆசிரியரை மகிழ்விக்கும் விடைக்கு இங்கே இடமில்லை.

மூன்றாவது, விலை கொடுக்க வேண்டிய தெரிவு. 'ஆற்றை நேசிக்கிறாயா?' என்று கேட்பதற்குப் பதிலாக, 'பள்ளி விளையாட்டு நேரத்தில் அரைமணி விட்டுக்கொடுத்தால் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றலாம்; விருப்பமுள்ளவர் வரலாம், வராதவர்மீது குறையில்லை' என்று அறிவித்துவிட்டு, யார் வருகிறார்கள், எத்தனை வாரம் வருகிறார்கள் என்று குறித்துவைக்கலாம். எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாத அன்பை எல்லோரும் எளிதில் தெரிவித்துவிடுவர்.

நான்காவது, செயலின் தடம். 2007-ஆம் ஆண்டு உலகச் சுற்றுச்சூழல் நாளையொட்டிக் கேரள அரசு 'என்றெ மரம்', அதாவது 'என் மரம்', என்ற பெயரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மரக்கன்றுகளை வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல திட்டம். கொடுத்த கன்றுகளின் எண்ணிக்கையை அலுவலகக் கணக்கில் காணலாம். பிள்ளைகளின் மனப்பான்மையை அறிய விரும்புவோர் பார்க்க வேண்டியது, இரண்டு கோடைகள் கழித்து நிற்கும் கன்றுகளின் எண்ணிக்கையை. நீண்ட விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றினார்கள், ஆடு கடித்த கன்றுக்கு யார் வேலி கட்டினார்கள் என்பதை விசாரித்தால், எந்த வினாத்தாளும் சொல்லாதது வெளிப்படும். உணவு இடைவேளைக்குப் பின் பள்ளி முற்றத்தில் கிடக்கும் உறைகளை வாரம் ஒருமுறை எண்ணி எழுதுவதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

இத்தகைய வழிகள் கேரளத்துக்குப் புதியன அல்ல. 1962-இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்து 1970 முதல் 'யுரேகா' என்ற சிறுவர் விஞ்ஞான இதழை நடத்தி வருகிறது. பிள்ளைகள் தாமே உற்றுநோக்கியும் செய்துபார்த்தும் அறியும் 'விஞ்ஞானோற்சவம்' என்ற விழாவையும் அவ்வியக்கம் நடத்துகிறது. ஆங்கிலப் பேராசிரியராயிருந்த நீலகண்டன், இந்துசூடன் என்ற புனைபெயரில் 'கேரளத்திலே பட்சிகள்' என்ற நூலை 1958-இல் வெளியிட்டார். பறவைகளின் பெயர்களைத் தாய்மொழியில் அறிந்துகொள்ள அந்நூல் எண்ணற்றோருக்கு உதவியது. பாலக்காட்டு மாவட்டத்து அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டும் திட்டம் எழுந்தபோது, பரிஷத்தும், திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கவிஞர் சுகதகுமாரியும், வேறு பல எழுத்தாளரும் விஞ்ஞானிகளும் அக்காட்டைக் காக்கக் குரல் கொடுத்தனர். திட்டம் கைவிடப்பட்டு, 1984-இல் அப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கியதால் விளைந்த வெற்றி அன்று அது. காட்டை அறிந்தவர்களும், அதற்காகத் தங்கள் நேரத்தையும் நற்பெயரையும் பணயம் வைத்தவர்களும் தேடித் தந்த வெற்றி.

மேற்கூறிய வழிகளைக் கையாளும் ஆசிரியர்கள் சில நெறிகளைப் போற்ற வேண்டும். விடைத்தாளில் பிள்ளையின் பெயரைக் கேட்கலாகாது. புள்ளிகளை மதிப்பெண் பட்டியலில் சேர்க்கலாகாது. இன்னான் முதல்வன், இன்னான் கடையன் என்று வரிசைப்படுத்தலாகாது. வகுப்பு முழுவதையும் ஒன்றாகக் கொண்டே பார்க்க வேண்டும். ஒருமுறை பார்த்து முடிவு கூறுவதும் தவறு. நெய்யாற்றுக் காட்டுக்கு மூன்று நாள் முகாம் சென்று வந்த பிள்ளைகளை மறுநாளே கேட்டால் உற்சாகம் பொங்கும். ஆறு மாதம் கழித்து மீண்டும் கேட்டால்தான் எது நிலைத்தது என்பது தெரியும். முகாமுக்குப் போகாத மற்றொரு வகுப்பையும் அதேபோலக் கேட்டு ஒப்பிட்டால், மாறுதல் முகாமால் வந்ததா, வயதால் வந்ததா என்பதும் தெளிவாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அளந்து கண்ட குறை யாருடையது என்பதை மறக்கக் கூடாது. ஒரு வகுப்பிலுள்ள பிள்ளைகள் பத்து இலைகளுள் இரண்டையே அறிந்தார்கள் என்றால், அவர்களுக்கு மரத்தடியில் நிற்க நேரம் கொடுக்காத பள்ளியும் வீடுமே தோற்றுப்போயின. மருத்துவர் நாடி பிடித்துப் பார்ப்பது நோயாளிக்கு மதிப்பெண் போடுவதற்காக அன்று. மருந்து இன்னதென்று அறிவதற்காக. பிள்ளைகளின் மனத்தை அளப்பதும் அத்தகையதாக இருக்க வேண்டும்.

வெளி மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்துக்கு இதில் ஓர் இடையூறும் உண்டு, ஒரு வாய்ப்பும் உண்டு. சொந்த ஊரின் ஆறும் வயலும் பிள்ளைக்குத் தூரத்துக் கதைகளாகிவிடுகின்றன. வாழும் ஊரின் ஆறும் வயலும், 'இது நம் ஊர் இல்லை' என்ற நினைவால் அயலாகவே நின்றுவிடுகின்றன. இரண்டு ஊர் இருந்தும் ஓர் ஊரின் மண்ணும் அறியாத பிள்ளை வளர்வது அவ்வாறுதான். திருவனந்தபுரத்தில் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீர் அருவிக்கரையிலிருந்து, கரமனையாற்றிலிருந்து வருவது. அந்த ஆறோ தாமிரபரணி பிறக்கும் அதே மலைத்தொடரில் பிறப்பது. இதைப் பிள்ளைக்குச் சொன்னால் தாத்தாவின் ஊரும் தன் ஊரும் ஒரே மலையின் இருபுறம் என்பது அதற்கு விளங்கும். எந்த நகரத்திலும், 'நம் வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, நம் குப்பை எங்கே போகிறது?' என்ற இரண்டு வினாக்களைப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து விசாரித்து அறியலாம். பலருக்கு இவ்விரண்டுக்கும் விடை தெரியாது என்பதே முதற் பாடமாக அமையும்.

நம் வீடுகளில் பழைய வழக்கங்கள் சிலவும் உண்டு. அரிசிமாவால் கோலமிட்டால் எறும்பு உண்ணும். சோறாக்கியதும் காகத்துக்கு ஒரு பிடி வைப்போம். இவற்றைப் பிள்ளை வெறும் சடங்காகக் காண்கிறதா, காரணம் அறிந்து காண்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அறிந்திருந்தால், எந்த மாநிலத்தின் எந்த மொழியில் வினாத்தாள் வந்தாலும் அப்பிள்ளை மெய்யான விடையை எழுதும். அறியாவிட்டால், வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் அதனுடன் தெருவில் சிறிது தூரம் நடந்து சென்று, முதலில் எதிர்ப்படும் மரத்தின் பெயரைத் தமிழிலும் அவ்வூர் மொழியிலும் விசாரித்துச் சொல்லுங்கள். அங்கிருந்து தொடங்கினால் போதும்.